இலகு லினக்ஸ் வழங்கல்களில் வன்பொருள் கண்டறிதல்

பழைய கணினிகளில், குறைந்த நினைவகத்தில் இயங்குமாறு சுருக்கி உருவாக்கப்படும் லினக்ஸ் வழங்கல்கள் இலகு வழங்கல்கள் எனப்படுகின்றன. டேம் ஸ்மால் லினக்ஸ், பப்பி லினக்ஸ், டைனி கோர், ஆன்டிஎக்ஸ் ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. ஒதுக்கி வைத்த கணினியை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர விரும்புவோர் இவற்றை நாடுகின்றனர். வைஃபை, ஒலி, திரை ஆகியவற்றுள் ஏதோ ஒன்றைக் கணினி "கண்டுபிடிக்கவில்லை" என்ற இடத்தில்தான் அம்முயற்சி பெரும்பாலும் நின்றுபோகிறது. உண்மையில் சாதனம் கண்ணில் படாமல் போவது அரிது. கண்ணில் பட்ட சாதனத்தை இயக்க வேண்டிய கோப்பு, இடத்தை மிச்சப்படுத்த நீக்கப்பட்டிருப்பதே வழக்கம்.

அடையாள எண்கள்

பழைய ஐஎஸ்ஏ அட்டைகளுக்குத் தம்மை அறிவிக்கும் வழி இல்லை. குறுக்கீட்டு எண்ணையும் முகவரியையும் அட்டையிலுள்ள ஜம்பரை மாற்றி அமைத்துவிட்டு, அதையே இயக்கி நிரலுக்கும் பயனர் சொல்ல வேண்டும். இயக்கி தானாகத் தேடினால், தவறான முகவரியைத் தொட்டுக் கணினி உறைந்துபோவதும் உண்டு. 1992 ஆம் ஆண்டில் வெளியான பிசிஐ தரம் இதை மாற்றியது. ஒவ்வொரு பிசிஐ அட்டையும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என இரண்டைத் தாங்கி வருகிறது. இன்டெலின் தயாரிப்பாளர் எண் 8086. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற செயலியின் பெயரே அது. எந்தெந்த எண்களுக்குத் தான் பொறுப்பு என்ற பட்டியல் ஒவ்வொரு இயக்கியிலும் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்ப்பதே கண்டறிதல்.

செருமனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ், குறுவட்டிலிருந்தே இயங்கியது. எந்தக் கணினியில் செருகப்படும் என்று முன்கூட்டித் தெரியாததால், ஒவ்வொரு தொடக்கத்திலும் எல்லாச் சாதனங்களையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. ரெட் ஹாட்டின் குட்சு நிரலகத்தைப் பயன்படுத்திய எச்டபிள்யூசெட்டப் என்ற நிரல் இதைச் செய்தது. தேடல் நடுவில் உறைந்தால், ஒரு படியைத் தவிர்க்கச் சொல்லும் "சீட்கோடு"களைத் தொடக்கத் திரையில் தட்டச்சு செய்யலாம். ஒவ்வொன்றாகத் தவிர்த்துப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கும் முறை இது.

நாப்பிக்ஸிலிருந்து பிறந்த டேம் ஸ்மால் லினக்ஸை ஜான் ஆண்ட்ரூஸ் 50 எம்பிக்குள் அடக்கினார். திரையைப் பொறுத்தவரை அது தேடலையே பெரிதும் தவிர்த்தது. எக்ஸ்வீசா என்னும் சிறிய வரைகலை வழங்கி, எந்த அட்டை என்று ஆராயாமல் பயாஸின் பொது வசதியைப் பயன்படுத்தும். வேகம் குறைவு, ஆனால் படம் தெரியும். 2003 டிசம்பரில் கருனி 2.6 வந்த பின்னரும் இவ்வழங்கல் நெடுங்காலம் 2.4 வரிசையிலேயே இருந்தது. பின்னர் வந்த சாதனங்களின் எண்கள் அந்தப் பட்டியல்களில் இருக்க வாய்ப்பில்லை. இதே காலத்தில் கிரெக் குரோவா-ஹார்ட்மன் தொடங்கிய யுடெவ் வளர்ந்தது. சாதனத்தைக் கண்டதும் கருனி அறிவிக்க, யுடெவ் உரிய இயக்கியை ஏற்றும். வழங்கலுக்கு ஒன்றாக இருந்த தேடல் நிரல்கள் படிப்படியாக மறைந்தன.

ஃபெர்ம்வேர் சிக்கல்

தேடல் சீரான பின்னரும் வைஃபை இயங்கவில்லை என்ற முறையீடு ஓயவில்லை. பல வைஃபை சில்லுகள், மின்சாரம் வந்ததும் தமக்குள் ஏற்றிக்கொள்ள ஒரு நிரலை எதிர்பார்க்கின்றன. இதுவே ஃபெர்ம்வேர். இயக்கி இருந்தும் இது இல்லையென்றால் சாதனம் அசையாது. பிராட்காம் சில்லுகள் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. தன்னார்வலர்கள் மறுபொறியியல் மூலம் எழுதிய இயக்கி 2006 ஆம் ஆண்டில் கருனி 2.6.17 இல் சேர்ந்தது. ஃபெர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய உரிமம் இல்லாததால், விண்டோஸ் இயக்கியிலிருந்து அதைப் பயனரே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்கான கோப்பைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும்! கம்பிவழி இணைப்போ வேறொரு கணினியோ இல்லாதவருக்கு வழியில்லை.

இலகு வழங்கல்கள் இதை வெவ்வேறு விதமாகக் கையாண்டன. ஆஸ்திரேலியரான பேரி காலர் 2003 இல் தொடங்கிய பப்பி லினக்ஸின் பிற்காலப் பதிப்புகள் பலவற்றில், இயக்கிகள் ஒரு கோப்பிலும் ஃபெர்ம்வேர் இன்னொரு கோப்பிலும் தனித்தனியாக உள்ளன. அக்கோப்பை மட்டும் மாற்றிப் பார்க்க முடிவது பெரிய வசதி. டைனி கோர் மிகச் சிறிய அடிப்படையையே தருகிறது. வைஃபை வேண்டுவோருக்கு கோர்பிளஸ் என்ற பெரிய பதிப்பு உண்டு. மிகச் சிறிய கோப்பைப் பதிவிறக்கிவிட்டு வைஃபை இல்லையே என்று தவிப்பவர், தம்மையறியாமல் அளவுக்காக அதைக் கைவிட்டவரே.

சிக்கலைப் பிரித்தறிதல்

சாதனம் எந்தப் படியில் நின்றது என்பதை எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும். யுஎஸ்பி சாதனங்களுக்கு எல்எஸ்யுஎஸ்பி. பட்டியலில் சாதனமே இல்லையெனில் பயாஸ் அமைப்பு, மடிக்கணினியின் வைஃபை பொத்தான், தளர்ந்த இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எண் தெரிந்தும் இயக்கியின் பெயர் இல்லையெனில் கருனி பழையது, அல்லது இயக்கி நீக்கப்பட்டிருக்கிறது. இயக்கியும் ஏறியிருந்தால், கருனிச் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் ஃபெர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்ற வரி இருக்கிறதா என்று தேட வேண்டும். விடுபட்ட கோப்பின் பெயரும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

வன்பொருளே தன்னைப் பற்றித் தவறாகச் சொல்வதும் உண்டு. பென்டியம் எம் செயலிகளின் தொடக்க வகைகள், பிஏஇ என்னும் நினைவக வசதி இருந்தும் அதை அறிவிப்பதில்லை. இதனால் பல மடிக்கணினிகளில் புதிய கருனிகள் தொடங்க மறுத்தன. 2014 இல் வந்த கருனி 3.15 "ஃபோர்ஸ்பிஏஇ" என்ற தொடக்கத் தெரிவைச் சேர்த்த பின் அவை மீண்டும் இயங்கின.

கட்டற்றதல்லாத ஃபெர்ம்வேரை அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் சேர்க்க டெபியன் திட்டம் 2022 இல் வாக்கெடுப்பின் மூலம் முடிவுசெய்தது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 இல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 இல் வெளியான டெபியன் 13, 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவியையும் கருனியையும் கைவிட்டது.