எதிர்காலம் என்று பெயர் வைத்த எழுத்து

1969 ஜூலையில் மனிதன் நிலவில் கால் வைத்ததை வானொலியிலும் மறுநாள் பத்திரிகையிலும் அறிந்த தலைமுறை நம்முடையது. அந்த ஈகிள் கலத்தின் ஏணிக் காலில் ஓர் உலோகத் தகடு பொருத்தப்பட்டிருந்தது. மனிதகுலம் முழுவதற்காகவும் அமைதியுடன் வந்தோம் என்ற வாசகம் அதில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டது. அந்த எழுத்தின் பெயர் ஃபியூச்சுரா. லத்தீனில் 'எதிர்காலம்' என்று பொருள்.

அதை வரைந்தவர் பால் ரென்னர் என்ற ஜெர்மானியர். 1927இல் ஃபிராங்க்பர்ட்டில் இருந்த பாவர் டைப் ஃபவுண்டரி அதை ஈய எழுத்தாக வார்த்து வெளியிட்டது. அந்நாளில் ஜெர்மனியில் பெரும்பாலான புத்தகங்களும் செய்தித்தாள்களும் கூரிய முனைகளும் முறிந்த வளைவுகளும் கொண்ட பழைய ஃபிராக்டூர் எழுத்தில்தான் வந்தன. அவற்றின் பக்கத்தில் ஃபியூச்சுரா வேறு உலகத்திலிருந்து வந்தது போல இருந்தது. ஆங்கில 'ஓ' ஏறக்குறைய முழு வட்டம். பெரிய 'ஏ' ஒரு முக்கோணம். அலங்காரம் எதுவும் கிடையாது.

காம்பஸும் அடிக்கோலும் இருந்தால் யாரும் வரைந்துவிடலாம் என்று தோன்றும். உண்மை அப்படியல்ல. வளைவு நேர்க்கோட்டைத் தொடும் இடத்தில் ரென்னர் கோட்டைச் சற்று மெலிய விட்டார். இல்லாவிட்டால் அந்த இடம் கரும்புள்ளி போலக் கண்ணை உறுத்தும். பெரிய எழுத்துகளின் அகல அளவுகளையோ பழைய ரோமானியக் கல்வெட்டுகளிலிருந்து எடுத்துக்கொண்டார். எதிர்காலம் என்று பெயர் வைத்தாலும், அஸ்திவாரம் இரண்டாயிரம் ஆண்டுப் பழையது.

நாஜிகளின் கலாசாரக் கொள்கையைச் சாடி 1932இல் ரென்னர் எழுதிய சிறு நூல் சுவிட்சர்லாந்தில் அச்சானது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவரைக் கைது செய்தார்கள். விரைவில் விடுதலையானார். ஆனால் மியூனிக் நகர அச்சுக்கலைப் பள்ளியில் அவர் வகித்த இயக்குநர் பதவி போயிற்று. அங்கே ஆசிரியராக இருந்த யான் சிஹோல்டும் அதே ஆண்டு கைதாகி, பின் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்.

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மானியப் பெருமை என்று கொண்டாடப்பட்ட அந்தப் பழைய எழுத்தை 1941இல் நாஜிகளே 'யூத எழுத்து' என்று சொல்லித் தடை செய்தார்கள்! அந்தக் குற்றச்சாட்டுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஃபியூச்சுரா நாடு கடந்து பரவியது. ஹிட்லர் ஆட்சியில் பிறந்த ஃபோக்ஸ்வேகன் காரை 1959 முதல் அமெரிக்கர்களிடம் விற்றுத் தந்த புகழ்பெற்ற விளம்பரங்களும் அந்த எழுத்தில்தான் வந்தன.

ரென்னர் 1956இல் காலமானார். நிலவுப் பயணத்தை அவர் பார்க்கவில்லை. அவரை வேலையிலிருந்து விரட்டிய ஆட்சி 12 ஆண்டுகளில் மண்ணாகிவிட்டது. அந்தத் தகடோ காற்றும் மழையும் இல்லாத நிலவில் இன்னமும் இருக்கிறது.