இறந்தவளுக்கு ஒரு வேலை இருந்தது

துப்பறியும் கதைகளில் பெண் பெரும்பாலும் முதல் அத்தியாயத்திலேயே பிணமாகிவிடுவாள். அவள் என்ன வேலை பார்த்தாள், மறுநாளுக்கு என்ன வைத்திருந்தாள் என்பதெல்லாம் துப்புக்குத் தேவைப்படும் அளவுக்கே சொல்லப்படும். இந்த வழக்கத்தைக் கேள்விகேட்ட நாவலாகவே, தென்னாப்பிரிக்க எழுத்தாளர் லாரன் பியூக்கஸ் 2013இல் எழுதிய 'த ஷைனிங் கேர்ள்ஸ்' நூலை வாசிக்கிறேன்.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்துச் சிகாகோவில் ஹார்ப்பர் என்பவன் ஒரு வீட்டைக் கண்டடைகிறான். அதன் கதவு 1993 வரையிலான வேறு காலங்களுக்குத் திறக்கிறது. அதன் வழியே போய், ஒளிரும் பெண்களைத் தேடித்தேடிக் கொல்கிறான். அவனிடமிருந்து உயிர்தப்பிய கர்பி, ஒரு நாளிதழில் பயிற்சிக்குச் சேர்ந்து பழைய கொலைச் செய்திகளைத் துழாவுகிறாள். வீடு மாயப்புனைவு, காலப்பயணம் அறிவியல் புனைவு, கர்பியின் தேடல் குற்றப்புனைவு.

இந்தக் கலவை வெறும் விளையாட்டு அல்ல. கொலைகாரன் அறுபது ஆண்டுகளில் உலவுவதால், அறுபது ஆண்டுப் பெண்கள் ஒரே வரிசையில் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலையும் ஒரு காலமும் உண்டு. ரேடியம் பூசிக்கொண்டு ஆடுகிறாள் ஒருத்தி. அதே காலத்தில், அதே இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகரில், கடிகார முகப்புகளுக்கு ரேடியம் தீட்டிய பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி நோயுற்றார்கள். அவர்களில் கேத்தரின் டோனகியூவுக்கு 1938இல் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு அவர் இறந்தார்.

போர்க்காலத்தில் வெல்டிங் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண் இன்னொருத்தி. 1943இல் கொல்லப்பட்ட அவள் உடலருகே ஜாக்கி ராபின்சனின் பேஸ்பால் அட்டை கிடக்கிறது. ராபின்சன் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடியதோ 1947இல்தான். கையில் தடயம் இருக்கிறது, ஆனால் நம்புவார் இல்லை. வன்முறையைச் சொல்லப்போன பெண்கள் பலரும் நின்ற இடம் இதுதான்.

மூன்றாமவள் 'ஜேன்' குழுவைச் சேர்ந்தவள். அந்தக் குழு சிகாகோவில் உண்மையிலேயே இருந்தது. 1969 முதல் 1973 வரை, சட்டம் தடுத்த கருக்கலைப்பைப் பெண்களே கற்றுச் செய்தார்கள்; சுமார் 11,000 பேர் பயன்பெற்றதாகக் கணக்கு. 1972இல் ஏழு பேர் கைதானார்கள். மறு ஆண்டு 'ரோ' வழக்கின் தீர்ப்பு வந்தபின் அவர்கள்மீதான வழக்கு கைவிடப்பட்டது.

நாவல் வெளிவந்தபோது அந்தத் தீர்ப்பு நடைமுறையில் இருந்தது. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. பின்னோக்கித் திறக்கும் கதவுக்கு மாயவீடு தேவையில்லை. ஒரு தீர்ப்பு போதும். எனவே மாணவியரிடம் நான் சொல்வது இதுதான்: இந்த நாவலைக் கொலைகாரனைப் பிடிக்கும் ஆவலோடு ஒருமுறை படியுங்கள். பிறகு, கொல்லப்பட்டவர்களின் அத்தியாயங்களை மட்டும் கால வரிசையில் அடுக்கிப் படியுங்கள். இரண்டாம் வாசிப்பில் கிடைப்பது ஒரு நகரத்தின் பெண் வரலாறு.