ஹுவான் குவால்பெர்த்தோ கோமெஸ்

ஹுவான் குவால்பெர்த்தோ கோமெஸ் (1854–1933) கியூபாவின் விடுதலைப் போராளி, இதழாளர், அரசியல் தலைவர். நாட்டின் விடுதலையையும் கறுப்பின மக்களின் சமவுரிமையையும் ஒரே போராட்டமாகக் கண்டவர்.

இளமை

மத்தான்சாஸ் மாகாணத்தின் கரும்புத் தோட்டம் ஒன்றில் 1854 ஜூலை 12 அன்று பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகள். மகன் கருவிலிருந்தபோதே பணம் கட்டி அவனுடைய விடுதலையை வாங்கிவிட்டனர். 1869இல் குதிரைவண்டி கட்டும் தொழில் பயில அவரைப் பாரிசுக்கு அனுப்பினர். அங்கே அவர் இதழியல் பக்கம் திரும்பினார். ஆதரவு திரட்ட வந்த கியூபத் தலைவர் பிரான்சிஸ்கோ விசென்தே அகிலேராவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தது அவரை விடுதலை இயக்கத்தோடு பிணைத்தது.

எழுத்தும் இயக்கமும்

1878இல் தாயகம் திரும்பி, விடுதலை இயக்கத் தலைவர் ஹொசே மார்த்தியின் நெருங்கிய தோழரானார். கறுப்பின மக்களுக்காக ‘லா பிராத்தெர்னிதாத்’ இதழைத் தொடங்கினார். 1880இல் ஸ்பானிய ஆட்சி அவரை வட ஆப்பிரிக்காவிலுள்ள சியூட்டாவுக்கு நாடுகடத்தியது. பின்னர் மத்ரிதில் அடிமை ஒழிப்பு இயக்கத்தில் உழைத்து, 1890இல் கியூபா திரும்பினார். ஸ்பெயினிலிருந்து பிரிவதை ஆதரித்து எழுதிய கட்டுரைக்காக அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் 1891இல் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம், விடுதலைக் கருத்தை அமைதியாகப் பரப்புவது குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. ஆள்வோரின் சட்டத்தைக் கொண்டே பெற்ற இவ்வெற்றி, விடுதலையைப் பற்றி வெளிப்படையாகப் பேச வழி திறந்தது. கறுப்பின மக்களின் சங்கங்களை ஒன்றிணைத்து, பள்ளிகளிலும் பொது இடங்களிலும் சமவுரிமை கேட்டுப் போராடியதும் இக்காலத்திலேதான்.

1895 எழுச்சி

தீவுக்குள் மார்த்தியின் பிரதிநிதியாகச் செயல்பட்டவர் கோமெஸ். ஸ்பெயினுக்கு எதிரான எழுச்சிக்கு மார்த்தியின் ஆணை நியூயார்க்கிலிருந்து அவரிடமே வந்தது. பிப்ரவரி 24 என நாள் குறித்து, தாமும் இபாராவில் சிலரோடு களமிறங்கினார். அம்முயற்சி தோற்றது. 20 ஆண்டுத் தண்டனையுடன் மீண்டும் சியூட்டா சென்று, 1898இல் விடுதலையானார். ஆனால் தீவின் கிழக்கில் அன்று மூண்ட போர் அணையவில்லை.

பிளாட் திருத்தம்

அப்போரில் அமெரிக்காவும் இறங்கியது; ஸ்பெயின் வெளியேறியதும் அமெரிக்கப் படை கியூபாவை ஆண்டது. கியூபாவில் தலையிடும் உரிமையைத் தனக்கு வழங்கும் பிளாட் திருத்தத்தை அரசமைப்பில் சேர்க்குமாறு வாஷிங்டன் வற்புறுத்தியது. அரசமைப்பு அவையின் உறுப்பினரான கோமெஸ், 1901 மார்ச்சில் அதை மறுத்து விரிவான அறிக்கை அளித்தார். எப்போது தலையிடுவதென்பதை அமெரிக்காவே முடிவுசெய்யுமானால், அது வீட்டுச் சாவியை அயலாரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும் என வாதிட்டார். ஜூன் 12 அன்று 16க்கு 11 என்ற வாக்குகளில் திருத்தம் ஏற்கப்பட்டது. 1906இல் அமெரிக்கா மீண்டும் கியூபாவின் ஆட்சியை ஏற்றபோது அவருடைய அச்சம் மெய்யானது.

இறுதிக் காலம்

பின்னாளில் பிரதிநிதிகள் சபையிலும் செனட்டிலும் பணியாற்றினார். சர்வாதிகாரி ஹெரார்தோ மச்சாதோவின் அரசு 1929இல் உயர் விருது வழங்கிய பிறகும் அவ்வாட்சியை எதிர்ப்பதை நிறுத்தவில்லை. 1933 மார்ச் 5 அன்று ஹவானாவில் காலமானார். மறு ஆண்டே பிளாட் திருத்தம் நீக்கப்பட்டது. வரதேரோ பன்னாட்டு விமான நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.