லயத்தில் பிறந்த இன்னொரு பள்ளி

1910இல் மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கான ஒப்பந்தக் கூலிமுறை முடிந்தது. இனி நீ சுதந்திரத் தொழிலாளி, பிடிக்கவில்லையென்றால் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றது சட்டம். எங்கே போவது? லயத்து வீடு, அந்த வரிசை வீடு, கம்பெனியுடையது. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பெயர் அடிபட்ட அன்றே அடுப்பும் அணைந்துவிடும்.

1923 தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுவரையான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும். பேராக் மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகள் பல அப்படி வந்தவை. நம் மொழியைக் காத்த பள்ளிகள் அவை. அந்த நன்றி எனக்குண்டு. ஆனால் பல இடங்களில் வேலை வாங்கும் கங்காணியோ கணக்கெழுதும் கிராணியோதான் வாத்தியார். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, சரி. அன்றைக்குக் கூலி ஏன் இல்லை? அந்தக் கணக்கை அவர் எப்படிச் சொல்லித்தருவார்?

அதைச் சொல்லித்தந்தது இன்னொரு பள்ளி. இரண்டாம் உலகப்போருக்குப்பின் பேராக் தோட்டங்களில் ஆர். ஜி. பாலன் போன்றோர் கட்டிய தொழிற்சங்கங்களின் கூட்டங்களே அதன் வகுப்பறை. துரை முன் தலைகுனிந்து நின்றவர்கள் அங்கே கேள்வி கேட்டுப் பழகினார்கள். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டனர், அவசரகாலம் வந்தது. அதன் அடக்குமுறையில் சங்கங்கள் ஒடுங்கின, அந்தப் பள்ளி மூடப்பட்டது.

கேள்வியில் தொடங்கும் இப்படியொரு பள்ளி வேறிடத்திலும் நடந்தது. 1963இல் பிரேசிலின் அங்கீகோஸில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரேய்ரே சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவித்தார். 'செங்கல்' போல அவர்கள் அன்றாடம் புழங்கும் சொல்லை எடுப்பார். அதைச் சுற்றி எழும் கேள்விகளே பாடம். நம் தோட்டத்துக்கு அப்படியொரு சொல் வேண்டுமென்றால் 'வீடு' என்பேன். மூன்று தலைமுறை உழைத்த தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்படுகிறது. விற்பது முதலாளியின் சுதந்திரம், வெளியேறுவது உன் சுதந்திரம். இரண்டுக்கும் ஒரே சொல்லா என்று லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினால் அது வகுப்பு.

பேராக்கில் அந்த வகுப்புக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் 'அலைகள்' அமைப்பினர் முக்கியமானவர்கள். அவர்களில் ஒருவர் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ். வளர்ச்சி யாருக்கு என்று சோசலிசப் பார்வையில் அவர் எழுதிய நூலை 2002இல் ஈப்போவில் அலைகளே வெளியிட்டது. நாட்கூலி மாதச் சம்பளமாக வேண்டும், ஓய்வுபெற்றாலும் இருக்கச் சொந்த வீடு வேண்டும் என்று தோட்டத்து மக்கள் தாங்களே பேச எழுந்தார்கள். சலுகையாக அல்ல, உரிமையாக.

மூன்றாவது முறை போட்டியிட்ட 2008இல், 1974 முதல் அப்போதைய அமைச்சர் சாமிவேலு வசமிருந்த சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயக்குமார் வென்றார். 2013இல் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 ரிங்கிட் என்று நடைமுறைக்கு வந்தது. சொந்த வீடு கேட்டுத் தோட்டத்து மக்கள் இன்னும் மனுக்களோடு நாடாளுமன்றத்துக்குப் போகிறார்கள்.