சக்கரம், சிவப்பு ரூபாய், பிளாஸ்டிக் அட்டை

அருமனையிலேர்ந்து துபாய், தோஹான்னு கிளம்புற பசங்க கேக்குறது, "அண்ணே, எந்தக் கார்டு எடுத்துட்டுப் போகட்டும்?" கேள்விதான் புதுசு. விஷயம் எங்க ஊருக்கு ரொம்பப் பழசுங்க.

விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர் 1ல. அதுக்கு முன்னாடி நாங்க மலையாளக் கரையோட இருந்தவங்க. மகாராஜா காலத்துல திருவிதாங்கூருக்குன்னு தனி நாணயம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக, உள்ளூர் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆரல்வாய்மொழி தாண்டினா பிரிட்டிஷ் ரூபாய், அதுக்கு 28 சக்கரம் 8 காசு! திருநெல்வேலிச் சந்தைக்குப் போறதே பணத்தைப் பொறுத்தவரை வெளிநாட்டுப் பயணம்தான் :-) காசு மாத்திக் கொடுக்கிறவர் பிடிக்கிற கழிவுக்கு வட்டம்னு பேரு. இந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்தது வளைகுடா. 1950கள்ல குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் எல்லா இடத்துலயும் நம்ம இந்திய ரூபாயே புழங்குச்சு. கார்டும் வேண்டாம், வட்டமும் வேண்டாம். கெடுத்தது தங்கக் கடத்தல். இங்கேருந்து ரூபாயைக் கட்டுக்கட்டா கொண்டுபோய் அங்கே தங்கம் வாங்குவாங்க. அந்த ரூபாய் திரும்பி வந்து ரிசர்வ் வங்கிகிட்ட ஸ்டெர்லிங் பவுண்டா மாறும். அந்நியச் செலாவணி கரைஞ்சது. அதனால 1959ல ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்குன்னே தனி நோட்டு அடிச்சது. மதிப்பு அதேதான், இந்தியாவுக்குள்ள மட்டும் செல்லாது. ஒரு ரூபாய் நோட்டு சிவப்பு. ஹஜ் யாத்திரைக்காரங்களுக்கும் தனியா ஹஜ் நோட்டு வந்துச்சு. வெளியூர்ல மட்டும் செலவு பண்ணுற பணம்! என்னைக் கேட்டா, இப்போதைய ஃபாரெக்ஸ் கார்டோட தாத்தா இதுதான்.

1961ல குவைத் தினாருக்கு மாறிட்டுது, 1965ல பஹ்ரைன். 1966 ஜூன் 6ல நம்ம அரசாங்கம் ரூபாய் மதிப்பைக் குறைச்சது. முந்தின நாள் டாலர் 4.76 ரூபாய், மறுநாள் 7.50! கத்தாரும் துபாயும் வளைகுடா ரூபாயைக் கைகழுவிட்டாங்க. ஓமன் மட்டும் 1970 வரை இழுத்துச்சு.

நடுவுல டிராவலர்ஸ் செக் ஒரு காலம். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாத்தும்போது இன்னொண்ணு. தொலைஞ்சா திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான்.

சரி, கார்டுக்கு வருவோம். இன்னைக்கும் பார்க்க வேண்டியது வட்டத்தைத்தான், பேரு மட்டும் மார்க்கப். பெரும்பாலான கிரெடிட் கார்டு வெளிநாட்டுச் செலவுக்கு 2லேர்ந்து 3.5 சதவீதம் பிடிக்கும், அதுக்கு மேல ஜிஎஸ்டி. ஏடிஎம்ல அதுல பணம் எடுத்தா அன்னைக்கே வட்டி ஆரம்பம். வேலைக்குப் போற பையனுக்கு, முதல் சம்பளம் வர்ற வரைக்கும், ஃபாரெக்ஸ் கார்டுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன். ஏத்துன அன்னைக்கு விலை உறுதி. 1966 மாதிரி ரூபாய் விழுந்தாலும் அந்தக் காசு குறையாது. துபாய்க்குன்னா திர்ஹாமாவே ஏத்துங்க. டாலர் ஏத்தி திர்ஹாம்ல செலவு பண்ணினா பல கார்டுகள்ல இன்னொரு வட்டம்.

அப்புறம், நம்ம வங்கிக் கார்டைத் தேய்ச்சா அங்கத்த கடை மெஷின் "ரூபாயிலா, திர்ஹாமிலா?"ன்னு கேட்கும். நம்ம ரூபாயாச்சேன்னு பாசத்துல தொட்டுடாதீங்க, அந்த விலையை வைக்கிறது கடைக்காரன் பக்கத்து ஆளு. திர்ஹாம்னு அமுக்குங்க.