வில்லோ மரமும் இரண்டு அவுன்ஸ் மண்ணும்

மரம் எதைத் தின்று இவ்வளவு பெரிதாகிறது? மண்ணைத்தான் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து சொல்லிவந்தார்கள். சரி, எடை போட்டே பார்த்துவிடலாம் என்று இறங்கியவர் பிரஸ்ஸல்ஸில் பிறந்த மருத்துவர் யான் பாப்டிஸ்ட் ஃபான் ஹெல்மான்ட்.

ஒரு தொட்டியில், உலையில் காயவைத்த 200 பவுண்டு மண். அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று. தூசி விழக் கூடாதென்று, துளைகள் போட்ட தகர மூடி. மழைத்தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர், வேறெதுவும் கிடையாது. ஐந்து வருஷம் பொறுத்திருந்தார். மரத்தின் எடை 169 பவுண்டு, 3 அவுன்ஸ். மண்ணைத் திரும்பவும் காயவைத்து நிறுத்தால், குறைந்திருந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். நான்கு இலையுதிர் காலங்களில் விழுந்த இலைகளை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஆக, மண் இல்லை. அதுவரை சரி. ஊற்றியதெல்லாம் தண்ணீர், எனவே மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடித்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'கேஸ்' என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர் இவர்தான். 62 பவுண்டு ஓக் கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சும், மீதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று எழுதியவரும் இவரே. அப்படிப் போனது கார்பன் டை ஆக்ஸைடு என்று இன்று நமக்குத் தெரியும். மரம் காற்றாகப் போவதைப் பார்த்த மனுஷருக்கு, காற்று மரமாகத் திரும்பி வரலாம் என்று தோன்றவே இல்லை.

அவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர் என்பது அவருடைய அடிப்படை நம்பிக்கை. அவர் கணக்கில் கேஸும் தண்ணீரின் இன்னொரு வேஷம்தான். அந்த நம்பிக்கைக்கு ஐந்து வருஷச் சோதனை கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்திப்போன பதிலை யார் திரும்பக் கிளறுவார்கள்?

நிம்மதியான வாழ்க்கையும் இல்லை. காயம் ஆற, காயப்படுத்திய ஆயுதத்துக்கு மருந்து பூசும் வைத்தியத்தை ஆதரித்து அவர் எழுதியது 1621-ல் வெளிவந்தது. அது திருச்சபை விசாரணையில் போய் முடிந்தது. 1634-ல் கைது, பிறகு வீட்டுக்காவல். 1644-ல் இறந்தார். வில்லோ சோதனை வந்த புத்தகத்தை 1648-ல் மகன்தான் வெளியிட்டார்.

மீதிப் பதில் வர ஒன்றரை நூற்றாண்டு ஆனது. மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றை ஒரு புதினாத் தண்டு மறுபடி எரியத் தக்கதாக்குவதை 1771-ல் ப்ரீஸ்ட்லி பார்த்தார். அதற்கு வெளிச்சமும் பச்சைப் பாகமும் வேண்டும் என்று 1779-ல் இங்கென்ஹவுஸ் காட்டினார். 1804-ல் சொஸ்யூர் மறுபடியும் தராசை எடுத்தார்: செடியின் கரி காற்றிலிருந்து வருகிறது, தண்ணீரும் எடையில் சேர்கிறது. ஹெல்மான்ட் பாதி சரி.

அவர் பொருட்படுத்தாமல் விட்ட 2 அவுன்ஸில்தான் மண் தரும் உப்புகளும் இருந்தன. அளவு கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் மரம் இல்லை.