தபால்தலையின் பல்லை எண்ணும் அளவுகோல்

வீடு ஒழிக்கும்போது தாத்தா காலத்து ஸ்டாம்பு ஆல்பம் கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதலில் தலைகளின் ஓரத்துப் பல்லைப் பாருங்கள்.

1854-இல் கல்கத்தாவில் அச்சான நம் நாட்டுத் தபால்தலைகளுக்குப் பல்லே கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் பிரிக்க வேண்டும். அடுத்து லண்டன் டி லா ரூ கம்பெனி அச்சிட்டு அனுப்பியவற்றில்தான் துளை வந்தது. நம் ராயபுரம் ரயில் நிலையம் திறந்ததும் (1856) ஏறக்குறைய அதே காலம்தான்.

துளை வந்ததும் புதுச் சிக்கல். படம், நிறம், விலை எல்லாம் ஒன்றுதான். துளை மட்டும் ஒன்றில் நெருக்கம், இன்னொன்றில் விலகல். ஒன்று சில்லறைக் காசு, மற்றது ஆயிரக்கணக்கில் போகும்!

இதை அளக்க 1866-இல் வழி சொன்னவர் பாரிஸ் டாக்டர் லெக்ராண்ட். 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை? அவ்வளவுதான் கணக்கு. அந்த அளவு இன்றும் மாறவில்லை. '14 x 13½' என்றிருந்தால் முதல் எண் மேல், கீழ் ஓரத்துக்கு, அடுத்தது பக்கவாட்டுக்கு.

அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ வரிசை வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். தலையின் ஓரத்தை ஒவ்வொரு வரிசையிலும் வைத்துப் பார்த்து, எல்லாத் துளையும் பொருந்தும் வரிசையின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகட்டுக்கு கேஜ் போட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

வங்கியில் கையெழுத்தை ஒப்பிட்டே காலம் தள்ளியவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். 'துளையில்லாத அபூர்வம்' என்று ஒற்றைத் தலையை நீட்டினால் சந்தேகப்படுங்கள். பல்லை நறுக்கிவிட்டும் விற்பார்கள். ஒட்டிய ஜோடியாக, நடுவே துளையில்லாமல் இருந்தால் மட்டும் மேலே பேசுங்கள்.